மேல்படி பசுமையான பிறகே கீழ்ப்படி

கூத்தாநல்லூரில் மலை கிடையாது. மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவே, காவிரி ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலின் மேல் இருக்கும் ஊர் இது. போர் போட்டால் மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும். ஆனாலும் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பெயரெடுத்த இந்த ஊரில், கடல் கடந்து உழைத்தவர்களின் பணம் தெருத்தெருவாக மாடி வீடுகளாக எழுந்து நிற்கிறது. அந்த வீடுகளின் அஸ்திவாரத்துக்குப் போன ஒன்றரை அங்குல ஜல்லியும் தளத்துக்குப் போன முக்கால் அங்குல ஜல்லியும் டெல்டாவுக்கு வெளியே, புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர் போன்ற பாறை மாவட்டங்களிலிருந்து டிப்பரில் வருபவை. திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையை அகலப்பாதையாக மாற்றியபோது தண்டவாளத்தின் அடியில் கொட்டிய கல்லும் இந்த மண்ணில் கிடைப்பதல்ல. வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு ஆகியவற்றின் கரைகளையும் மதகுகளையும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் புதுப்பித்த வெண்ணாறு உபவடிநிலத் திட்டத்தின் கான்கிரீட்டுக்கும் இது பொருந்தும். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்து. நெல் விளையும் இந்தச் சமவெளி, தன் கல்லுக்கு எப்போதும் அடுத்த ஊர்க் குன்றையே நம்பியிருக்கிறது.

சோழர் காலத்து உளிக்கும் இன்றைய வெடிக்கும் கிரஷருக்கும் உள்ள தூரத்தை விளக்கத் தேவையில்லை. அண்மை ஆண்டுகளில் சேர்ந்த ஒரு மாற்றத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஆற்று மணல் அள்ளுவதற்கு எதிராக டெல்டா விவசாயிகள் நெடுங்காலம் போராடினார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். கொள்ளிடமும் காவிரியும் பள்ளமாகி, நிலத்தடி நீர் இறங்கி, கடல் உப்பு உள்ளே ஏறியதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆற்று மணல் அரிதாக, அந்த இடத்தை எம்-சாண்ட் பிடித்தது. 2023-ல் அதற்கென்று தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. எம்-சாண்ட் என்பது பொடித்த மலைதான். 2020-ல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தால் டெல்டா தன் வயல்களுக்கு எண்ணெய்க் கிணறுகளிலிருந்து காவல் தேடிக்கொண்டது. அது நியாயமான காவல். ஆனால் ஆற்றின் மேலிருந்து இறக்கிய சுமை குன்றின் தலையில் ஏறியிருக்கும்போது, அந்தக் குன்று என்ன ஆகிறது என்று கேட்கும் கடமையும் நமக்குச் சேர்ந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றே ஒன்று: குவாரியை மூடிய பிறகு மரம் நடலாம் என்ற ஏற்பாடு செல்லாது. கல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு படியாக மண்ணையும் மரத்தையும் திருப்பி வைத்தால்தான் குன்றுக்கு ஏதாவது மிஞ்சும்.

காரணம், வேலை நடக்கும் முறையிலேயே இருக்கிறது. சரிவில் அமைந்த குவாரியை உச்சியிலிருந்து படிப்படியாக வெட்டி இறக்க வேண்டும். 1961-ம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை, கெட்டிப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. மேல்படியில் கல் தீர்ந்ததும் இயந்திரங்கள் கீழே இறங்கும். அவை ஏறிய மண் பாதையும் கொஞ்ச நாளில் கல்லோடு கல்லாக வெட்டப்பட்டுவிடும். அதன் பிறகு அந்த மேல்படிக்கு லாரியும் போக முடியாது, தண்ணீர் டேங்கரும் போக முடியாது. கயிறு கட்டி ஆள் ஏறினால்தான் உண்டு. குத்தகை முடியும்போது நிற்பது, அடியிலிருந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மொட்டைச் சுவர். மூடல் திட்டத்தில் ‘படிகளில் மரக்கன்று நடப்படும்’ என்று எழுதியிருப்பார்கள். நடுவதற்குப் போகும் வழியைத்தான் விற்றுவிட்டோமே. மண்வெட்டும் இயந்திரம், டிப்பர், தண்ணீர், வேலையாள், கையெழுத்திட்டுப் பொறுப்பேற்ற ஒரு குத்தகைதாரர் என்று எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருப்பது குவாரி ஓடும் காலத்தில் மட்டுமே.

மண்ணின் கணக்கும் இதையே சொல்கிறது. பாறைக் குன்றின் மேல் ஒரு சாண் மண்தான் இருக்கும். அந்த மண்ணில்தான் ஊசிப்புல், ஆவாரை, விராலி, கிளுவை, உசிலை எல்லாவற்றின் விதையும், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் கிடக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா காட்டில் பாக்சைட் வெட்டும் இடங்களில் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டின. வாரிய மேல்மண்ணைக் குவித்து வைத்தால் அதிலுள்ள விதைகளில் பெரும்பகுதியின் உயிர் போய்விடுகிறது. வாரிய கையோடு வெட்டி முடித்த இடத்தில் பரப்பினால் காட்டுச் செடிகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அப்படிக் கையோடு பரப்ப வேண்டுமென்றால் ஒரு பக்கம் வெட்டு தொடங்கியிருக்க வேண்டும், மறுபக்கம் வெட்டு முடிந்திருக்க வேண்டும். ஓடும் குவாரியில்தான் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நம் ஊர்களில் மேல்மண் என்ன ஆகிறது? கிராவலோடு கிராவலாகச் சாலை போடவும் மனை நிரப்பவும் போய்விடுகிறது.

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் விலை என்ன என்பதற்கு டேராடூன் பள்ளத்தாக்கு நல்ல சாட்சி. முசூரி மலைச்சரிவுகளில் சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி ஊற்றுகள் வற்றின. மழைக்காலத்தில் இடிபாடுகள் ஓடைகளை அடைத்தன. 1983-ல் ஒரு தொண்டு அமைப்பு எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்தது. 1985-ல் பல குவாரிகளை மூடச் சொன்னது. 1988-ல் ஒரு சிலவற்றைத் தவிர மற்ற அனைத்தையும் நிறுத்தியது. அதன் பின் மலையின் அந்த வெள்ளைக் காயங்களில் பச்சையைக் கொண்டுவந்தது யார்? கல்லை விற்றவர்கள் அல்ல. முன்னாள் ராணுவ வீரர்களைக் கொண்டு 1982-ல் அமைத்த பிராந்திய ராணுவத்தின் 127-வது சூழலியல் படைப்பிரிவு. மண்ணையும் கன்றையும் சுமந்து செங்குத்துச் சரிவில் ஏறி, தடுப்புச் சுவர் கட்டி, மரம் வளர்த்தார்கள். இன்று முசூரிக்குப் போகிறவர்கள் அந்த மலையைப் பச்சையாகப் பார்க்கிறார்கள் என்றால், லாபம் தனியாருக்கும் சீரமைப்புச் செலவு மக்கள் வரிப்பணத்துக்கும் என்று பிரிந்த கணக்கு அது. மலையை மீட்க முடியும் என்பதற்கும் டேராடூன்தான் சான்று; தாமதித்தால் ராணுவம் வேண்டியிருக்கும் என்பதற்கும் அதுவே சான்று.

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்கு, சுரங்கம் ஓடும்போதே கட்டம் கட்டமாக மூடும் திட்டம் 2003 முதல் கட்டாயம். அதற்குப் பிணைத்தொகையும் உண்டு. 2021-ல் செய்த திருத்தத்தின்படி பெரிய சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய், மற்றவற்றுக்கு 3 லட்சம். ஜல்லிக் குவாரி சிறுகனிமப் பட்டியலில் வருவதால் இந்த மத்திய விதிகள் அதைத் தொடுவதில்லை. அதன் ஆட்சி மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்ன பிறகுதான் சிறு குவாரிகள் அந்த வளையத்துக்குள் வந்தன. 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம், வெட்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கச் சொன்னது. கால்நடைகளுக்குத் தீவனம் வேண்டுமே என்று நீதிபதிகள் கவலைப்பட்டதைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. இத்தனைக்கும் பிறகு நடப்பது, எல்லையோரம் 7.5 மீட்டர் பாதுகாப்புப் பட்டையில் நாலு வரிசை புங்கனும் வேம்பும் வைத்துப் புகைப்படம் எடுப்பது. படி வெட்ட வேண்டிய இடத்தில் படியே இருப்பதில்லை. 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் முந்நூறு அடி ஆழக் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் மாண்டார்கள். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மீண்டும் அதே சரிவு, அதே சாவு. கல் தாங்கி நிற்கும் படிதான் மண் தாங்கி நிற்கும் படியும். தொழிலாளியின் உயிரைக் காக்கும் விதியை மதிக்காத குவாரியில் செடிக்கு இடம் தேடுவது வீண். ஆகவே பசுமையைப் பற்றிப் பேசுவது சொகுசுப் பேச்சு என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்த இரண்டு ஊர்களின் பெயரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கருங்கல்லில் என்ன வளரும் என்பது குவாரிக்காரர்கள் முதலில் வைக்கும் மறுப்பு. அதற்கு உலகம் சில பதில்களை வைத்திருக்கிறது. கென்யாவின் மொம்பாசாவுக்கு அருகே பம்புரி சிமென்ட் ஆலை பவளச் சுண்ணாம்புக்கல்லை வெட்டிப் பாலைவனமாக்கிய நிலத்தில், ரெனே ஹாலர் என்ற வேளாண் வல்லுநர் 1971-ல் 26 வகை மரங்களை வைத்துப் பார்த்தார். மூன்றே வகை பிழைத்தன. அவற்றில் முன்னால் நின்றது சவுக்கு, நம் நாகப்பட்டினக் கடற்கரையில் வளரும் அதே சவுக்கு. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்துக்கொண்டு அது வளர்ந்தது. ஆனால் உதிர்ந்த சவுக்கு ஊசி மக்கவில்லை. மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது மண்ணாக மாறத் தொடங்கியது. ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். பவளப் பாறை மென்மையானது, தண்ணீரும் பக்கத்தில் இருந்தது, அதை நம் பாறைக்கு ஒப்பிட முடியாது என்றால், அதுவும் சரியே. அப்படியானால் குருகிராமின் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவைப் பார்க்கலாம். கெட்டியான குவார்ட்சைட் பாறை வெட்டிப் போட்ட சுமார் 390 ஏக்கர் நிலம் அது. அந்த மலைத்தொடருக்கே உரிய மரங்களை விதை தேடி நாற்றங்காலில் வளர்த்து, 2010-க்குப் பிறகு நட்டுக் காடாக்கினார்கள். வெறும் பாறைச் சுவரில் மரம் நிற்காது என்பதை நானும் ஏற்கிறேன். யாரும் சுவரில் நடச் சொல்லவில்லை. படியின் தளத்தை அதன் உள்பக்கம் சற்றுத் தாழ்த்தி வெட்டி, விளிம்பில் கல் வரப்புக் கட்டி, இடையில் கழிவு மண்ணும் மேல்மண்ணும் நிரப்பினால் மழைநீர் அங்கேயே நிற்கும். வேர் பாறையின் வெடிப்பைத் தேடிப் போய்க்கொள்ளும்.

மண்ணுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் அந்தக் குன்றின் அடியிலேயே கிடக்கிறது. நூற்றாண்டுகளாக மலையிலிருந்து கரைந்த மண் கீழே ஏரியில் வண்டலாகப் படிந்திருக்கிறது. அதை எடுத்து மேலே கொண்டுபோவது மண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது மாதிரி. ஏரியைத் தூர்வாரியதாகவும் ஆகும். எச்சரிக்கை ஒன்று வேண்டும்: சீமைக்கருவேல் அடர்ந்த ஏரியின் வண்டலில் அதன் விதையும் வரும், முளைத்ததும் பிடுங்க ஆள் வைக்க வேண்டும். டெல்டாவும் இதற்குக் கைகொடுக்க முடியும். ஜல்லி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டிப்பர்கள், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கயிறு ஆலைகளில் குவிந்து கிடக்கும் நார்க்கழிவை ஏற்றிப் போகலாம். பச்சை நார்க்கழிவு ஆகாது. வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறையில் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி மக்க வைத்தால், அதன் கரி–நைட்ரஜன் விகிதம் 112:1-லிருந்து 24:1-க்கு இறங்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னந்தோப்பில் மட்டை புதைப்பவர்களுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதை நடுவது என்பதில் அவசரம் கூடாது. விரைவில் பச்சை காட்ட வேண்டும் என்று தைலமரத்தை வைத்துவிடுவது எளிது. புதுக்கோட்டைக்காரர்கள் தைலமரக் காட்டால் பட்ட பாடு போதும். தங்கள் கண்மாய்க்கு வரும் தண்ணீரை அது குடிக்கிறது என்று அவர்கள் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். முதலில் புல்லும் ஆவாரையும் விராலியும் மண்ணைப் பிடிக்கட்டும், விளிம்பில் வெட்டிவேர் நிற்கட்டும். அவற்றின் நிழலில் உசிலை, வெப்பாலை, ஆத்தி, கிளுவை. பிறகு, பொறுமை இருந்தால், அந்தப் பகுதியின் பழைய உலர் பசுமைக்காட்டு மரங்களான உலக்கைப்பாலை, வீரை, காயா, கருங்காலி. புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் செம்மண் பொட்டலாகக் கிடந்த மேட்டை 1968-க்குப் பின் வந்தவர்கள் இதே வரிசையில்தான் மீட்டார்கள்: முதலில் வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தினார்கள், பிறகு வெயில் தாங்கும் மரங்கள், அவற்றின் அடியில் உள்ளூர்க் காடு. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. ஐந்தாண்டுக் குத்தகையில் முழுக் காடு வராது. காடு வருவதற்கான தரை வரும். அதை மட்டும் கேட்டால் போதும்.

ஓடும் குவாரியில் வெடியும் தூசியும் கன்றைக் கொன்றுவிடுமே என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. இலையில் படியும் கல்தூசி மூச்சுத் துளைகளை அடைப்பது உண்மைதான். ஆனால் தூசியை அடக்கத் தண்ணீர் தெளிப்பதும் கிரஷரை மூடி ஓட்டுவதும் ஏற்கெனவே அனுமதியின் நிபந்தனைகள். கன்று கருகுகிறது என்றால் கீழே இருக்கும் ஊரின் நுரையீரலும் கருகுகிறது என்று பொருள். மேல்படியின் செடி அந்தக் குவாரியின் நடத்தைக்கு நல்ல அளவுகோலாகவே பயன்படும். தண்ணீருக்கும் வழியுண்டு. குவாரியின் அடியில் தேங்கும் மழைநீரை இப்போது மோட்டார் வைத்து வெளியேற்றுகிறார்கள். அதையே உச்சியில் ஒரு தொட்டிக்கு ஏற்றினால் படிப்படியாகச் சொட்டுநீராக இறங்கி வரும். கடைசிச் சுவருக்கு இங்கிலாந்தின் பீக் மாவட்டத்துச் சுண்ணாம்புக் குவாரிகளில் செய்து பார்த்த முறை இருக்கிறது. கல்லுக்காக வைக்கும் வெடியை நிறுத்தும்போது, சுவரை உடைத்து இயற்கையான பாறைச் சரிவு போல ஆக்குவதற்காகவே அளந்து சில வெடிகளை வைத்தார்கள். சரிந்த கல் மேட்டில் அந்த மலைக்குரிய செடிகளை விதைத்தார்கள். அதைச் செய்ய வெடி வைக்கத் தெரிந்தவரும் அவருடைய உரிமமும் அங்கே இருந்தாக வேண்டும். குவாரி மூடிய பின் அவரை எங்கே தேடுவது?

செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு ஹெக்டேர் பரப்பில் படிகளுக்கு விட்டது போகச் சராசரி 15 மீட்டர் ஆழம் கல் எடுத்தால் ஒன்றரை லட்சம் கனமீட்டர். எடையில் ஏறத்தாழ நாலு லட்சம் டன். டன்னுக்கு ஐந்து ரூபாய் ஒதுக்கினால் ஹெக்டேருக்கு 20 லட்சம் ரூபாய் சேரும். பெருங்கனிமச் சுரங்கத்துக்கு மத்திய அரசு கேட்கும் பிணைத்தொகையைப் போல நாலு மடங்கு அது. வீடு கட்டுகிறவருக்கு யூனிட் ஜல்லிக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய் கூடும். ஆயிரக்கணக்கில் விலை போகும் யூனிட்டில் அது தெரியக்கூடத் தெரியாது. சிறிய குத்தகைதாரர் தாங்க மாட்டார் என்று இதற்கு மேல் சொல்வது கடினம். மேலும், மாநிலங்கள் கனிம நிலத்துக்கு வரி விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்த பின், தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் சாதாரணக் கல்லுக்கு டன்னுக்கு 90 ரூபாய் வரி நிர்ணயித்தது. எடுக்கும் கல்லுக்காக அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் தொகை தனி, மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போவது தனி. குன்றின் பெயரால் வசூலாகும் இத்தனை பணத்தில் ஒரு சிறு பங்கு அதே குன்றின் பெயரில் வங்கியில் கிடக்க வேண்டும், படி பசுமையானால் குத்தகைதாரருக்கே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஊராட்சி அதை எடுத்து வேலையை முடிக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு சூழல் ஆர்வலர்களிடமிருந்து வருவது. ‘மரம் நட்டுத் தருகிறோம்’ என்ற வாக்குறுதியைக் காட்டியே புதுக் குன்றுகளுக்கு அனுமதி வாங்கிவிடுவார்கள் என்கிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. காப்புக்காடுகளின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் வந்த விதியிலிருந்து, ஓராண்டு கழித்துக் காப்புக்காடு என்ற சொல்லே நீக்கப்பட்டது. எனவே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: சீரமைப்பு என்பது வெட்டியாக வேண்டிய, வெட்டத் தகுந்த இடத்துக்கு மட்டும். சமணப் படுக்கையும் கல்வெட்டும் சுனையும் ராஜாளிகளின் கூடும் இருக்கும் அரிட்டாபட்டி போன்ற குன்றை எத்தனை மரம் நட்டாலும் திருப்பித் தர முடியாது. அதை 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததும், அந்தப் பகுதிக்கான டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மக்கள் எதிர்த்து நின்று 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்ததும் சரியான முடிவுகள். அப்படிப்பட்ட குன்றுகளைக் காக்கும் போராட்டத்துக்கும் இந்தக் கோரிக்கைக்கும் பகை இல்லை. ஏற்கெனவே திறந்து கிடக்கும் குவாரிகளை அப்படியே விட்டால், அவற்றைக் கைவிட்டு அடுத்த குன்றுக்குப் போவதுதான் மலிவான வழியாக இருக்கும். சீரமைக்காமல் புது இடம் கிடையாது என்றால் அந்த வழி அடைபடும்.

குழியைத் தண்ணீர்த் தொட்டியாக விட்டுவிடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குழிகளின் நீரும் சென்னைக்குக் குடிநீராகப் போனது என்பது உண்மை. சமதரைக் குழிக்கு, அதுவும் இறங்கி ஏறப் பாதுகாப்பான சரிவு அமைத்தால், அது நல்ல யோசனை. மலைச்சரிவுக் குவாரியின் மொட்டைப் படிகளில் தண்ணீர் நிற்காது. மண்ணை அரித்துக்கொண்டு கீழே உள்ள கண்மாய்க்குப் போகும்.

இதையெல்லாம் நடத்திவைக்கும் சாவி கனிமவளத் துறையின் மேஜையில் இருக்கிறது. கல் ஏற்றிய ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு வேண்டும். குத்தகைதாரர் அதற்காகத் திரும்பத் திரும்ப அந்தத் துறையிடம் வந்தே தீர வேண்டும். மேல்படியில் வைத்தது இரண்டு ஐப்பசி மழையைத் தாண்டிப் பிழைத்திருக்கிறது என்று ட்ரோன் படமும் நேரடி ஆய்வும் காட்டினால் மட்டுமே மூன்றாவது படிக்கு நடைச்சீட்டு என்று ஒரே ஒரு விதி போதும். எடுத்த கல்லின் அளவைப் பார்க்க ட்ரோன் பறக்கவிடும் துறைக்கு, உயிரோடு நிற்கும் செடியைப் பார்ப்பதும் முடியும். இன்னொரு சாவி வாங்குகிறவர்களிடம் இருக்கிறது. டெல்டாவில் கல்லைப் பெருமளவில் வாங்குபவர்களில் அரசும் உண்டு: பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, நகராட்சிகள். ஜல்லியின் அளவையும் வலிமையையும் டெண்டரில் எழுதுவது போல, அது எந்தக் குவாரியிலிருந்து வருகிறது, அங்கே முடிந்த படிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற சான்றிதழையும் கேட்கலாம். அதற்குச் சென்னையின் உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கூத்தாநல்லூர் நகராட்சி அடுத்த கான்கிரீட் சாலைக்கு டெண்டர் விடும்போது அந்த ஒரு வரியை மன்றத் தீர்மானமாகச் சேர்த்து அரசுக்கு அனுப்பிவைக்கலாம். மன்னார்குடியும் திருவாரூரும் அதைப் பார்த்துக் கேட்கும்.